போணி ஆகாத காலை

ஆலங்கரை ஊரில், சுமைதாங்கித் தெருவில், சண்முகவடிவின் காய்கறிக் கடையில் ஒருநாள் காலை ஆறரை மணி ஆயிற்று. ஆனது அப்படியே நின்றுவிட்டது. தெருவில் வெயில் ஏறியது, பள்ளிக்கூட மணி அடித்தது, மத்தியான பஸ் வந்து புழுதி கிளப்பிவிட்டுப் போனது, வெயில் இறங்கியது, ஆனால் அவள் கடைக்குள் மட்டும் சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிய ஊதுபத்தி ஒரு நகக்கண் அளவுகூடக் குறையாமல் புகைந்துகொண்டே இருந்தது, கீரைக்கட்டின் மேல் தெளித்த தண்ணீர் தெளித்தபடியே நின்றது, வெண்டைக்காய் அப்போதுதான் பறித்தது மாதிரி ஒடிந்தது. தெருவில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. போணி ஆகவில்லை, அதனால் பொழுது நகரவில்லை. முதல் வியாபாரம் நடந்தால்தானே கடைக்கு நாள் தொடங்கும்? நாளே தொடங்காத கடையில் மணி எப்படி ஏழாகும்?

போணி ஏன் ஆகவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெருமுனையில் இருந்த சினிமாக் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே ஒரு பெரிய கம்பெனி கடை திறந்திருந்தது. வாசலில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருந்தது. ஊர் அதைக் கண்ணாடிக் கடை என்றது. கதவு தானாகத் திறக்கும், சித்திரை வெயிலிலும் உள்ளே மார்கழிக் குளிர் அடிக்கும், வாசலிலேயே மெஷினில் டீ ஊற்றும், கட்டின பூவும் கிடைக்கும். சண்முகவடிவு மண்டியில் மூட்டையாக எடுக்கிற விலைக்கும் கீழே அங்கே வெங்காயம் விற்றார்கள். நஷ்டத்துக்கு விற்க அவர்களுக்கு எங்கோ ஒரு பெரிய பட்டணத்தில் பணம் கொட்டிக் கிடந்தது. இவளுக்கு ஒரு நாள் நஷ்டத்தைத் தாங்கவும் வழியில்லை.

காலை நின்றுபோன அன்று சாயங்காலம் அவளுக்குக் கடையை அடைக்கக் கை வரவில்லை. போணி ஆகாத கடையை அடைத்தால் அடைத்ததுதான் என்று அந்தத் தெருவில் ஒரு பயம் உண்டு. திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் இருந்த பசிதான் இருந்தது, படுத்தால் தூக்கம் வரவில்லை, உடம்புக்கு இன்னும் ஆறரைதான். மறுநாள் அவள் தங்கை வந்து ஒரு முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு காசை நீட்டிப் பார்த்தாள். வீட்டுக் காசு போணி ஆகாது. ஊதுபத்தி அசையவில்லை.

அவள் கடையோடு போயிருந்தால்கூட விதி என்று இருந்திருக்கலாம். எதிர்ச்சாரியில் ஆவுடையப்பனின் டீக்கடையிலும் காலை நின்றது. அவருக்கு ஐந்து மணிக்கே நின்றது, சட்டியின் விளிம்புவரை வந்த பால் பொங்காமலே நின்றது. பக்கத்தில் கோமுவின் பூக்கடையில் பிச்சிப்பூ மொட்டாகவே கிடந்தது. மூன்று பேரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள். ஆவுடையப்பனுக்குச் சாமி படத்துக்குப் பூ வேண்டும், கோமுவுக்குக் குழம்புக்குக் காய் வேண்டும், சண்முகவடிவுக்கு டீ இல்லாமல் தலைவலி போகாது. ஒருவர் கடையில் ஒருவர் வாங்கியிருந்தால் ஒரே நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் தன் கடையில் போணி ஆகும் முன்னே கையை விட்டுக் காசு போகக்கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். அதை எழுதியவரும் இல்லை, மீறியவரும் இல்லை. எனவே மூவரும் அடுத்தவருக்குப் போணி ஆகட்டும் என்று மனசாரச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, மடியில் இருந்த காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு விடியலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊர் வந்து பார்த்தது. பார்க்க மட்டும் வந்தது. கண்ணாடிக் கடைப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டே வந்து, தக்காளியை அழுத்திப் பார்த்து, கொத்தமல்லியை முகர்ந்து பார்த்து, “அடேயப்பா, என்ன பிரெஷ்ஷு! நம்ம தெருக்கடைக்கு ஈடு வருமா?” என்று சொல்லி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, எடுத்த காயை வைத்த இடத்தில்கூட வைக்காமல் போனது. சண்முகவடிவுக்கு அந்த பிரெஷ் என்ற சொல்லைக் கேட்டாலே காதில் ஈயத்தை ஊற்றின மாதிரி எரிந்தது. “வாங்குதியளா, பாக்க வந்தியளா?” என்று முதலில் பக்குவமாகத்தான் கேட்டாள். “சும்மா பாக்கத்தான் மதினி,” என்று அவர்களும் பக்குவமாகத்தான் பதில் சொன்னார்கள்.

பார்க்க வந்தவர்களுக்குப் புத்தி வேலை செய்ய அதிக நாள் ஆகவில்லை. ஒருத்தி தோசைமாவுச் சட்டியைக் கொண்டுவந்து, “புளிச்சிரும்போல இருக்கு, உன் கடையில ஒரு ஓரமா இருக்கட்டும்,” என்றாள். அடுத்தவள் பால் கொண்டுவந்தாள். ஒருவர் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க வாங்கிய மீனைக் கொண்டுவந்தார், சைவக் கடை என்று சொல்லியும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார். கல்யாண வீட்டு மாலைகள் வந்தன, அவித்த பனங்கிழங்கு வந்தது. விரதம் இருக்கிறவர்கள் பசி தெரியாமல் இருப்பதற்காக உள்ளே வந்து சாக்கை விரித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். கரண்ட் பில் மிச்சம் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். கொண்டுவந்தவர்களில் ஒருத்தராவது போகிற போக்கில் நாலு பச்சைமிளகாய் வாங்கினார்களா என்றால், இல்லை. வயிறு எரிகிற விஷயம் இது, ஆனால் கடைக்குள் இருக்கும்வரை அவளுக்கு அந்த எரிச்சல்கூட வளரவில்லை. தெருவில் கால் வைத்ததும்தான் நெஞ்சில் ஏறியது.

அப்போது கோமு கடையில் ஒன்று நடந்தது. பஸ்ஸில் போன ஒரு வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர், வண்டி நின்ற நேரத்தில் இறங்கி வந்து ஒரு முழம் பிச்சி வாங்கிவிட்டார். கோமு காசை வாங்கிக் கண்ணில் ஒற்றினாளோ இல்லையோ, அத்தனை நாளாகக் கடைக்குள் நகராமல் கிடந்த நேரமெல்லாம் உள்ளே இருந்தவற்றின் தலையில் ஒரேயடியாக விழுந்தது. மொட்டெல்லாம் ஒரே மூச்சில் மலர்ந்து, பழுத்து, கருகிக் கொட்டின. கோமுவின் நகம் வளர்ந்து சுருண்டது, முடி இடுப்பைத் தாண்டி இறங்கியது, விட்டுப்போன வேளைகளின் பசியெல்லாம் சேர்ந்து வந்து அவள் ஆவுடையப்பன் கடையில் இருந்த பன்னை எல்லாம் காசு கொடுக்கக்கூட நினைவில்லாமல் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் எழுந்து கடை திறந்த காலையும் பழையபடி நின்றுவிட்டது.

ஊர் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது? பாவம் கோமு, இனி தினமும் ஆளுக்கொரு முழம் வாங்குவோம் என்றா? அரசமரத்தடியில் கூட்டம் போட்டு, சுமைதாங்கித் தெருவில் இனி யாரும் எதையும் வாங்கக்கூடாது, வாங்கினால் உள்ளே இருக்கும் அடுத்தவர் மாவும் மாலையும் கெட்டுப்போகும் என்று தீர்மானம் போட்டது. பஸ் நிற்கிற இடத்தையும் தள்ளி வைத்தார்கள். அன்றைக்குத்தான் சண்முகவடிவு ஊரைப் பார்த்து முதல்முறையாகக் காறித் துப்பினாள்.

அதன் பிறகுதான் கண்ணாடிக் கடை மேனேஜர் வந்தான். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ராஜ் என்று போட்டிருந்தது. முழுப்பெயர் இசக்கிராஜ்; இதே தெருவின் கடைசியில் கருவாடு விற்ற மனிதரின் மகன்தான். தெருவுக்குள் வரும்போது மேடம் என்றான். சண்முகவடிவு முறைத்த முறைப்பில் அத்தை என்று இறங்கி வந்தான்.

“அத்த, நாங்க குளிர் ரூமுக்குக் கொட்டுத காசு கொஞ்ச நஞ்சமில்ல. எங்க சரக்க இங்கன வச்சுக்கிடுதோம். மாசம் பொறந்தா வாடகை உங்க வீடு தேடி வரும். நீங்க ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.”

“வியாபாரம்?”

“அது மட்டும் பண்ணக்கூடாது.”

“கடைய வச்சுக்கிட்டு விக்கக்கூடாதுங்கியா?”

“இப்பமும் விக்கலதான அத்த,” என்றான் இசக்கிராஜ். நக்கலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் சுருக்கென்று தைத்தது.

ஒத்துக்கொண்டாள். வேறு என்ன செய்ய? வீட்டில் உலை வைக்க வேண்டும். ஆவுடையப்பனும் கோமுவும்கூட ஒத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. தராசை ஒரு மூலையில் தள்ளிவிட்டு அந்த இடத்தில் காலிபிளவரை அடுக்கினார்கள். தராசுத் தட்டில் ஒரு டப்பா தயிரை வைத்தார்கள். இவள் கடையில் வைத்து எடுத்த காய்க்கு ‘என்றும் விடியல்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணாடிக் கடையில் மற்றக் காயைவிடக் கூட விலைக்கு விற்றார்கள், ஊரும் வரிசையில் நின்று வாங்கியது. இவளிடம் பாதி விலைக்குக் கிடைத்தபோது தொட்டுப் பார்த்துவிட்டுப் போன அதே கைகள்தான். தன் விடியலைத் தன் தெருமுனையிலேயே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறதைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது, போனது. மறு வருஷக் கொடையும் வந்து போனது. தெருவில் எல்லோருக்கும் வயசு ஏறியது, அவளுக்கு மட்டும் ஏறவில்லை. “உனக்கென்ன, குடுத்து வச்சவ,” என்று பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

மூன்றாம் கொடைக்கு முந்தின நாள். கண்ணாடிக் கடைக்காரர்கள் கொடைக்கான சரக்கு மொத்தத்தையும் மூன்று கடைகளிலும் கூரை தட்ட அடுக்கியிருந்தார்கள்: ஆவுடையப்பன் கடையில் பால், கோமு கடையில் மாலைக்கான பூ, இவள் கடையில் ஊருக்கே சமைக்கப் போதுமான காய்கறி. அவள் கடையின் வாசல் ஓரத்தில், அவள் கடைசியாக மண்டியில் எடுத்த மாங்காய்க் கூடை மட்டும் அவளுடையதாக மிஞ்சியிருந்தது. அந்த நேரத்தில் செல்வராணி வந்தாள். கண்ணாடிக் கடையில் பில் போடுகிற பெண், ஆறு மாசம் வயிறு, நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போய் செருப்புக்குள் நுழையாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“எத்த, ஒரு மாங்கா குடுங்க. நாக்கு கேக்கு. அங்க உள்ளதுல புளிப்பே இல்ல.”

சண்முகவடிவு கூடையில் கை வைத்தாள். கை வைத்தபோதே செல்வராணி காசை நீட்டினாள். நீட்டிய காசைப் பார்த்ததும் சண்முகவடிவின் கை நின்றது. அது போணிக் காசு. உள்ளே ஒரு ஊரின் கொடை அடுக்கியிருந்தது.

“காசு வேண்டாம்ளா. சும்மா எடுத்துட்டுப் போ.”

“ஓசியில தின்னா பிள்ளைக்கு ஆகாதுன்னு எங்க அம்ம சொல்லுவா. வாங்கிக்கிடுங்க எத்த.”

“வேண்டாம்ட்டி. எங்கிட்ட வாங்காத.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. எங்கிட்ட வாங்காத. கடை வைத்திருக்கிற ஒருத்தி, வயிற்றுப்பிள்ளைக்காரி காசோடு வந்து நிற்கும்போது, எங்கிட்ட வாங்காத என்கிறாள். அதற்குள் இசக்கிராஜ் ஓடிவந்துவிட்டான். “ஏய், உனக்கு பில் கவுண்டர்ல வேலை இல்லையா? இங்க வாங்கக்கூடாதுன்னு தெரியும்ல?” என்று செல்வராணியை எல்லோர் முன்னாலும் விரட்டினான். அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு, மாங்காய் இல்லாமல், வெறுங்காலோடு சுடுகிற ரோட்டில் போனாள்.

சண்முகவடிவு எழுந்து தெருவில் இறங்கினாள். இறங்கியதும் நெஞ்சில் ஏறியது. அன்றைக்கு அது பழைய அளவில் நிற்கவில்லை. கண்ணாடிக் கடை மேல் கோபம் வந்தது, தொட்டுப் பார்த்த கைகள் மேல் வந்தது, அரசமரத்தடித் தீர்மானத்தின் மேல் வந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாக, எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு மடிக்காசை இறுக்கிப் பிடித்திருந்த மூன்று பேர் மேல், தன் மேல், வந்தது. கொன்றுபோடுகிற கோபம். நேராக டீக்கடைக்குப் போனாள். சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்து மேஜையில் அடித்தாள்.

“ஒரு டீ போடுங்க அண்ணாச்சி.”

ஆவுடையப்பன் நாணயத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “மதினி, என்ன செய்யுதிய? உங்களுக்கு இன்னும் போணி ஆகலயே. கைய விட்டுக் காசு போகக்கூடாது. போனா எல்லாம் போயிரும்.”

“எல்லாம் போயிருமா? என்ன போகும்? சொல்லுங்க அண்ணாச்சி, போறதுக்கு இன்னும் என்ன கெடக்கு? கடை போச்சு, தராசு போச்சு, ஒரு புள்ளத்தாச்சிக்கு மாங்கா விக்கத் துப்பில்லாமப் போச்சு. இந்தக் காச மடியில வச்சு மூணு கொடையா அடைகாக்கோம், என்ன பொரிச்சிச்சு? நான் குடுக்கேன். எனக்கு ஆகாட்டாப் போகட்டும், உங்களுக்கு ஆகட்டும். போடுங்க டீய!”

“மதினி, உள்ள கம்பெனிப் பால்...”

“பொங்கட்டும்!”

அவர் நாணயத்தை எடுத்தார். கண்ணில் ஒற்றினார். பால் பொங்கியது. சட்டிப் பால் மட்டுமல்ல, அடுக்கியிருந்த பாக்கெட்டுகளெல்லாம் உப்பி வெடித்து, திரிந்து, புளித்து, தெருவரை வழிந்தது. ஆவுடையப்பனுக்குத் தாடி நெஞ்சுவரை இறங்கியது. அவர் அந்தத் தாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஓவென்று சிரித்தார். போணி ஆன கடைக்காரர் செலவு செய்யலாம். அதே நாணயத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோமு கடைக்குப் போனார்.

“ஏட்டி கோமு, சாமி படத்துக்குப் பூ குடு.”

கோமு நாணயத்தை வாங்கினாள். பூவெல்லாம் மலர்ந்து கருகியது, அந்த வாசனையும் நாற்றமும் சேர்ந்து ஊரைக் கூட்டியது. ஊர் ஓடி வந்தது. மாவு, பால், மாலை என்று அலறிக்கொண்டு வந்தது. கோமு அதற்குள் இடுப்பைத் தாண்டிய முடியை அள்ளிச் செருகிக்கொண்டு சண்முகவடிவின் கடை முன்னால் வந்து நின்றாள். சண்முகவடிவு உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தாள். தயிர் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுத் தராசை இழுத்து முன்னால் வைத்திருந்தாள்.

இசக்கிராஜ் குறுக்கே கையை விரித்து நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. “அத்த, உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன். இது போச்சுன்னா என்ன வேலைய விட்டுத் தூக்கிருவான். நீங்க உள்ள இருக்கிய, அத்தன வருசமும் உங்க தலையிலதான் விழும். கிழவியாயிருவிய.”

“ஆயிட்டுப் போறேன். நீயும் கடைத்தெருவுல பொறந்தவன்தானல. உங்க அய்யா இந்தத் தெருவுல கருவாடு விக்கும்போது எவனாவது குறுக்க வந்து நின்னானா? தள்ளுல.”

அவன் நகர்ந்தான். யாரும் அவனைத் தள்ளவில்லை.

“எக்கா, கருவேப்பில,” என்று கோமு நாணயத்தை நீட்டினாள்.

சண்முகவடிவு வாங்கினாள். ஊர் பார்க்க, நிதானமாக, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். ஊதுபத்தி சாம்பலாகி விழுந்தது. கீரை வழிந்தது, தக்காளி வெடித்தது, பெட்டிகளில் இருந்த அத்தனையும் கறுத்து, குழைந்து, படியில் இறங்கி ஓடியது. அவள் தலையில் நரை ஓடியது, தோள் இறங்கியது, முகத்தில் கோடு விழுந்தது, மூன்று கொடைக்கால ஆத்திரமும் ஒரே நொடியில் தொண்டைக்கு வந்தது. தோசைமாவுக்காரி எல்லோருக்கும் முன்னால் நின்று, “நீ நல்லா இருப்பியா? என் மாவு போச்சே!” என்றாள்.

“உன் மாவா?” சண்முகவடிவு தராசுத் தட்டைத் தூக்கிப் படியில் அடித்த அடியில் கூட்டம் பின்வாங்கியது. “என் வாழ்க்கையில மூணு வருசம் போச்சே, அதக் கேட்டியாட்டி? பிரெஷ்ஷு பிரெஷ்ஷுன்னு தொட்டுத் தொட்டுப் பாத்தியளே, ஒரு நா, ஒரே ஒரு நா, வாங்கினியளா? கடை இருக்கணும், கடைக்காரி இருக்கணும், வியாபாரம் மட்டும் அங்க நடக்கணும். வாடாத கத்தரிக்காய வச்சு என்னல செய்ய? காய்னா வாடணும். வாடுறதுக்குள்ள விக்கணும், விக்கிறதுக்குள்ள நான் கத்தணும், கத்துறதக் கேட்டு நீங்க வரணும். அதுக்குப் பேருதான் கடை. போங்க எல்லாரும். நாளைக்கு வாறதா இருந்தா பை கொண்டுட்டு வாங்க!”

கோமுவின் கையில் கருவேப்பிலைக்குப் பதில் ஒரு காய்ந்த குச்சி இருந்தது. அதோடு கொசுறாக இன்னொரு காய்ந்த குச்சியையும் வைத்துச் சண்முகவடிவு கொடுத்தாள். கோமு இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வருஷக் கொடைக்கு அம்மனுக்கு வெறும் எலுமிச்சை மாலைதான். இசக்கிராஜை வேலையை விட்டுத் தூக்கினார்கள். கண்ணாடிக் கடை எங்கும் போய்விடவில்லை. அதன் கதவு இன்றைக்கும் தானாகத்தான் திறக்கிறது, வெங்காயத்தை இன்றைக்கும் நஷ்டத்துக்குத்தான் விற்கிறார்கள். ஆனால் சுமைதாங்கித் தெருவில் விடிந்ததும் முதல் வேலையாக ஒருவர் கடையில் ஒருவர் வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாணயம் தெருவைச் சுற்றி வருகிறது. அதன் பிறகு எந்தக் கம்பெனி என்ன செய்தாலும் அந்தத் தெருவில் பொழுது நகர்ந்துவிடுகிறது.

கொடை முடிந்த மறுநாள் செல்வராணி வந்தாள். சண்முகவடிவு, தலை நரைத்து, தூக்கக் கலக்கத்தோடு, மண்டியிலிருந்து அப்போதுதான் இறக்கிய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடையில் மணி ஏழேகால்.

“எத்த, மாங்கா.”

அவள் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தாள். இந்தத் தடவை காசை வாங்கிக்கொண்டாள். செல்வராணி காம்பின் அருகே இருந்த ஒரு கறுப்புப் புள்ளியைத் தடவிப் பார்த்தாள்.

“நாளைக்குத் தாங்காது போல இருக்கே எத்த?”

“தாங்காது,” என்றாள் சண்முகவடிவு. “இன்னைக்கே தின்னுரு. நாளைக்கு நாளைக்குள்ளது வாங்க வா.”